புதுச்சேரிக்கு ஒரு முள் தேடிப் போன கதை

வெள்ளி

காலை ஆறரைக்குக் கும்பகோணத்தில் ஏறிய பஸ், சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி புதுச்சேரியில் இறக்கிவிட்டபோது மணி பதினொன்று. அரையாண்டு விடுமுறை, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகளை நேற்றே முடித்துவிட்டேன், இனி ஐந்து நாள் பேனாவைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. தங்குவது முத்தியால்பேட்டையில் பெரியம்மா மகள் வீட்டில். உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கேட்டாள், "பேனா வாங்கவாடி இவ்வளவு தூரம் வந்தே, உங்க ஊர்ல பேனா விக்கலையா?" விற்கிறது அக்கா. நான் தேடுவது பேனா இல்லை, முள், அதாவது நிப்பு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் திருவள்ளூர் ரங்கா பேனாக்காரர்களிடம் சொல்லி ஒரு எபோனைட் பேனா கடைந்து வாங்கினேன். பச்சையும் கறுப்பும் தேன்குழல் மாதிரி சுழன்று ஓடும் கம்பியிலிருந்து, கையாலேயே லேத்தில் கடைந்தது. நாம் கேட்கிற நீளம், கேட்கிற தடிமன், கிளிப் வேண்டுமா வேண்டாமா எல்லாம் சொல்லலாம். நாற்பது விடைத்தாள் திருத்தினால் எனக்கு ஆள்காட்டி விரல் மரத்துப்போகும், அதனால் விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியைக் கொஞ்சம் தடியாகக் கேட்டிருந்தேன். அப்படியே செய்து கொடுத்தார்கள். கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்து இறுக்கியது, பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக்கைப் போலக் கையில் சில்லிடாது.

அந்தப் பேனாவில் இப்போது இருப்பது எஃகு முள். நன்றாகவே எழுதுகிறது. ஆனாலும் ஒரு பழைய தங்க முள் கிடைத்தால் அதில் பொருத்திவிட வேண்டும் என்று ஒரு வருடமாக ஆசை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த ஊரில் பிரெஞ்சுப் பேனா இல்லாமலா போகும் என்ற கணக்கில்தான் புறப்பட்டேன். பையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்குள் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், காதுக்கு மருந்து விடுகிற ரப்பர் பல்பு ஒன்று (முள்ளுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவ இதைவிட நல்ல கருவி கிடையாது), சிலிக்கோன் கிரீஸ், பழைய பல் பிரஷ், வெள்ளை பனியன் துணி.

சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, நடக்க நிம்மதி. புது வருடக் கூட்டம் இப்போதே வந்துவிட்டது. காந்தி சிலைக்குக் கீழே உட்கார்ந்தபோது ராஜமுந்திரி ரத்தினம் பேனாதான் நினைவுக்கு வந்தது. சுதேசிப் பொருள் செய்யுங்கள் என்ற காந்தியின் பேச்சால் உந்தப்பட்டு அங்கே ஒரு பொற்கொல்லர் குடும்பத்துக்காரர் எபோனைட்டில் பேனா செய்து அவருக்கே அனுப்பினார். கடைகளில் விற்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்ற பொருளில் 1935-ல் காந்தி பதில் எழுதினார். நம் பக்கத்துப் பேனாக் கடைசல் தொழிலுக்கு அந்தக் கடிதம் ஒரு பட்டயம் மாதிரி.

சனி

காலையில் எஸ்.வி.பட்டேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலைக்குப் போனேன். 1959-லிருந்து நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளித் தாளாக்குகிறார்கள். மரக்கூழ் கிடையாது, அதனால்தான் கிழித்தால் துணி கிழிவது போல நார் தெரிகிறது. மைப் பேனாக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், அழகாக இருக்கிறதே என்று எல்லாத் தாளையும் வாங்கிவிடக் கூடாது. பசை போதுமான அளவு ஏறாத தாளில் மை நூல் நூலாகப் பிரிந்து ஓடும், பின்பக்கமும் தெரியும். கடையில் கேட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நான் கோடு போட்ட நான்கில் இரண்டு தேறின. அந்த இரண்டில் மை காய்ந்தபிறகு எழுத்தின் ஓரத்தில் கொஞ்சம் கறுத்த கரை கட்டியது. அந்தக் கரைக்காகவே மைப் பேனாவில் எழுதலாம்.

மதியம் ரங்கப்பிள்ளை வீதி. ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் சும்மா வைக்கப்பட்டதில்லை. 1736-ல் தொடங்கி 1761-ல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு யாரோடு சண்டை, கவர்னர் வீட்டில் என்ன பேச்சு என்று இருபத்தைந்து வருடம் எழுதியிருக்கிறார். ஆலையில் அடித்த எஃகு முள் பரவலானதே 1820-களில்தான், மையை உள்ளே வைத்துக்கொண்டு ஒழுகாமல் எழுதும் பேனாவுக்கு வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது 1884-ல். அப்படியானால் இவர் எத்தனை ஆயிரம் முறை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதியிருப்பார்! நான் ஒரு தடவை மை ஊற்றினால் நான்கு நாள் எழுதுகிறேன். நினைத்துப் பார்த்தபோது கை கூசியது.

அப்புறம் பெரிய மார்க்கெட் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகள். ஆறு கடை ஏறி இறங்கினேன். பழைய சரக்கு எதுவும் இல்லை, எல்லாம் ஜெல் பேனா. கடைசிக் கடையில் பெரியவர் ஒருவர் மட்டும் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து பிரில் ராயல் புளூ மை பாட்டில் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "பேனா ரிப்பேர் பாக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா ஐயா?" என்று கேட்டேன். "இங்க யாரும் இல்லம்மா. கடலூர்ல இருக்காரு. திருப்பாதிரிப்புலியூர்ல, வாட்ச் கடை. இன்னும் உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்காரு." வழியை பில்லுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தார். பால்பாயின்ட்டில்தான்.

ஞாயிறு

மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட். காலை எட்டரைக்கே போய்விட்டேன். முக்கால்வாசி துணிக்கடைதான், நைட்டியும் ஜீன்ஸும் குழந்தைச் சட்டையும் மலையாகக் குவிந்து கிடக்கும். அதையெல்லாம் தாண்டி நடந்தால் நடுநடுவே தரையில் சாக்கு விரித்துப் பழைய சாமான் வைத்திருப்பார்கள். பூட்டு, மூக்குக் கண்ணாடி, செல்லாத நாணயம், நின்றுபோன கடிகாரம். மூன்றாவது சாக்கில் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின், டின் நிறையப் பேனா.

குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். மேலே கிடந்தவை ஹீரோ 616. பத்தாம் வகுப்பில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சட்டையில் அதுதான் இருந்தது. பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்த உருவம், முள் முழுக்க மூடி நுனி மட்டும் எட்டிப்பார்க்கும். பார்க்கர் 51 கடைக்கு வந்தது 1941-ல், முள்ளை மூடியதற்குக் காரணமே அன்றைக்கு அவர்கள் செய்த சீக்கிரம் காயும் மை முனையிலேயே உலர்ந்துவிடாமல் இருக்கத்தான்.

ஹீரோக்களை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறக்கத் திறக்க வயிற்றில் என்னவோ செய்தது. ஒன்றில் முள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நல்ல கறுப்பு உடம்பு, மூடியில் பித்தளை வளையம்கூட அப்படியே இருக்கிறது, ஆனால் முள் இருந்த இடத்தில் ஓட்டை. முள்ளுக்கு அடியிலிருந்து மையைக் கொண்டுவருகிற நாக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, அதுவும் சிலதில் குறடு பட்டு நுனி உடைந்து போயிருந்தது. பதினொன்று எண்ணினேன்.

"என்ன அண்ணே, எல்லாத்துலயும் நிப்பு இல்ல?"

"தங்கமா இருந்தா எடுத்துருவாங்கம்மா. எங்கிட்ட வரும்போதே இப்படித்தான் வருது. நகைக்கடைல உருக்க எடை போட்டுக் குடுத்துருவாங்க."

ஒரு சின்ன முள்ளில் அரை கிராம் தங்கம்கூடத் தேறாது. அதிலும் பதினான்கு காரட் என்றால் பாதிக்கு மேல்தான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். தங்கம் விலை ஏற ஏற இது நாடு முழுக்க நடக்கிறது. அறுபது எழுபது வருடம் எழுதியதை நறுக்கென்று பிடுங்கிவிட்டு உடம்பைக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம்.

டின்னின் அடியில், ஒரு ரப்பர் பேண்டு இறுகி ஒட்டிக் கிடந்த பேனாதான் பன்னிரண்டாவது. காப்பிக் கொட்டை நிறம். மூடியைத் திருகித் திறந்தால் மூடிக்குள் இருந்த பகுதி மட்டும் கன்னங்கறேல். அப்படியென்றால் கறுப்பு எபோனைட், வெயிலும் வெளிச்சமும் பட்ட இடம் மட்டும் வெளுத்துப் பழுப்பாகியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தேன். லேசாகக் கந்தக வாடை, தீக்குச்சி உரசியது போல. செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் கற்பூரம் மணக்கும். உடம்பில் பொறித்த எழுத்து தேய்ந்துபோய் 'பாரி' என்பது மட்டும் பிரெஞ்சு எழுத்தில் தெரிந்தது, பாரிஸ் நகரம்தான்.

முள் இருந்தது.

லென்ஸை எடுத்தேன். காய்ந்த நீல மை அப்பிக் கிடந்ததை எச்சில் தொட்டுத் துடைத்ததும் 18 என்ற எண் வந்தது. தோள்பட்டையில் ஒரு புள்ளி, புள்ளி என்றுதான் முதலில் நினைத்தேன், வெளிச்சத்துக்குத் திருப்பியதும் அது அலகோடு ஒரு பறவைத் தலை. கழுகு. பிரான்சில் பதினெட்டு காரட் தங்கத்துக்கு அடிக்கிற முத்திரை. அமெரிக்கப் பேனாக்களிலும் ஜெர்மன் பேனாக்களிலும் பதினான்கு காரட் முள்தான் வழக்கம், பிரெஞ்சுச் சட்டம் அதைத் தங்கம் என்றே ஒத்துக்கொள்ளாத காலத்தில் அங்கே விற்றவற்றில் பதினெட்டுதான் போட்டார்கள். அந்த முத்திரை ஒரு கடுகில் பாதி இருக்காது, அதற்குள் கண், அலகு, கழுத்து எல்லாம் வெட்டியிருக்கிறான் ஒருவன்.

இது எப்படித் தப்பியது? மையும் அழுக்கும் சேர்ந்து முள் கறுத்துப்போனதால் இரும்பு என்று விட்டிருப்பார்கள். "ஒரு சொல்தா வீட்டுச் சாமானும்மா, வீடு காலி பண்ணாங்க" என்றார் கடைக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களுக்கு இந்த ஊரில் சொல்தா என்றுதான் பெயர். ஆயிரத்து ஐந்நூறு சொன்னார், தொள்ளாயிரத்துக்குக் கொடுத்தார். முள் இல்லாத உடம்புகளில் மூன்றையும் சேர்த்துக் கேட்டேன், ஐம்பது ஐம்பது ரூபாய். அது எதற்கு என்று எனக்கே அப்போது தெரியவில்லை, அந்த டின்னில் விட்டுவிட்டு வர மனசில்லை.

இரவு அக்கா வீட்டுச் சமையல் மேடையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து முள்ளை மட்டும் தொட்டு நிறுத்தினேன். பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் எபோனைட்டின் மேல்தோல் நிறம் மாறும், ஒருமுறை அவசரப்பட்டு ஒரு நல்ல கறுப்புப் பேனாவை இரவெல்லாம் வெதுவெதுப்பில் ஊறவைத்து, காலையில் சாம்பல் பச்சையாக எடுத்தவள் நான், அது திரும்பக் கறுக்கவே இல்லை. டம்ளரில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முள்ளின் பிளவிலிருந்து ஒரு நீல நூல் கீழே இறங்கியது. அடிவரை போய்ச் சுருண்டது. பின்னாலேயே இன்னொன்று. அக்கா மகன் பக்கத்தில் வந்து நின்று கேட்டான், "சித்தி, இது யாரோட மை?" எந்த வருடம் ஊற்றிய மையோ, கடைசியாக என்ன எழுதி மூடினாரோ. எனக்குத் தெரியாதுடா என்றேன். நான்கு தண்ணீர் மாற்றினோம்.

உள்ளே இருக்கும் ரப்பர் பையை அமுக்கி மையை உறிஞ்ச வைக்கிற பக்கவாட்டு லிவரை மட்டும் தொடவில்லை. அந்தப் பை கல்லாகியிருக்கும், அழுத்தினால் லிவர் முறியும்.

திங்கள்

பஸ்ஸில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் கடலூர். முக்கால் மணி நேரம்தான். திருப்பாதிரிப்புலியூரில் பில் காகிதத்தை நான்கு பேரிடம் காட்டிக் கடையைக் கண்டுபிடித்தேன். ஒரு ஆள் மட்டும் உட்காரும் கடை. கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் சுவர்க் கடிகாரங்கள், ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கியபடி பெரியவர்.

"வாம்மா, உக்காரு. என்ன வாட்ச்சு?"

"வாட்ச் இல்லைங்க ஐயா. பேனா."

லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். வாங்கியவர் செய்த முதல் காரியம், விரலால் தேய்த்து முகர்ந்ததுதான். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. செல்லுலாய்டைத் தீயில் காட்டினால் பற்றிக்கொள்ளும், எபோனைட் இளகிக் கொடுக்கும், எது என்று தெரியாமல் சூடு காட்டவே கூடாது.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, சுடருக்கு நான்கு விரல் மேலே கழுத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நடுநடுவே எடுத்துத் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்தார். துணியால் பிடித்து லேசாக அசைத்தார், வரவில்லை, மறுபடி சூடு. ஐந்தாறு தடவை. அவசரமே இல்லை. ஏழாவது தடவை 'ட்டிக்' என்று கழுத்து விட்டுக்கொடுத்தது. உடம்பைக் கவிழ்த்துத் தட்டியதும் காகிதத்தில் கறுப்புச் செதில்களாகக் கொட்டியது, அதுதான் ரப்பர் பையாக இருந்தது. ஊசியால் சுரண்டி, ஊதி, வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்து, மறுபடி சுரண்டினார்.

அப்போதுதான் என் பச்சைப் பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பழைய பேனாவின் முள்ளை எடுத்து இந்தப் பச்சைப் பேனாவில் போட வேண்டும் என்று சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போடலாம். இதோட வளைவு சின்னது, அந்த நாக்குல உக்காராது. எபோனைட்ல புதுசா நாக்கு செதுக்கிப் போட்டா எழுதும்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் இது என்னாவும்?"

சத்தியமாக எனக்குப் பதில் வரவில்லை. பையில் முள் பிடுங்கிய உடம்பு மூன்று கிடக்கிறது, நேற்று ராத்திரி அக்காவிடம் அதைப் பற்றிப் பத்து நிமிடம் ஆற்றாமையாகப் பேசியிருக்கிறேன். நான் செய்ய வந்தது என்ன? உருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் காப்பிக்கொட்டை உடம்பு நாளைக்கு நாலாவது ஓட்டையாக அதே டின்னுக்குப் போகும்.

அவர் லென்ஸை என்னிடம் கொடுத்து முள்ளின் நுனியைப் பார்க்கச் சொன்னார். நுனியில் இருக்கிற அந்தக் குட்டி உருண்டை தங்கம் இல்லை, தேயாத வேறு கடின உலோகம். அதுவே ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டை, கண்ணாடி மாதிரி மின்னியது. பேனாவைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்துப் பிடித்து எழுதிய கை அது. எத்தனை வருடம் எழுதினால் அந்த உலோகம் இப்படித் தேயும்! "தேச்சு நேராக்கிடட்டுமா? உங்க கைக்கு வரும்" என்றார். வேண்டாம் ஐயா, இரண்டுமே வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பச்சைப் பேனாவை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் புது ரப்பர் பையை அளந்து வெட்ட ஆரம்பித்தார். அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருக்கிறார், அதைத் தடவித்தான் பையை ஒட்டுவது. மேலே கொஞ்சம் டால்க் தூள். ஒட்டியது இறுக ஒரு ராத்திரி வேண்டும், நாளைக்கு வா என்றார்.

மிச்ச நேரத்துக்கு தேவனாம்பட்டினம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தையும் வெளியே நின்று பார்த்தேன். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தகர்த்த கோட்டை. சுட்ட சோளம் நன்றாக இருந்தது.

செவ்வாய்

ஊர் திரும்புகிற வழியிலேயே கடலூரில் இறங்கினேன். பேனா தயாராக இருந்தது. நிறத்தை மாற்றவில்லை, மெருகு ஏற்றவில்லை, நான் கேட்டபடியே. பிரில் பாட்டிலைத் திறந்து லிவரைத் தூக்கி, இறக்கி, பத்து எண்ணும்வரை முள்ளை மைக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னார். பழைய பேனாவுக்குச் கழுவினால் போகிற சாதாரண நீலம்தான் நல்லது, ஜிகினா மை, இரும்பு மை எல்லாம் உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும்.

கைத்தாளை எடுத்து என் பெயரை எழுதினேன். முதல் எழுத்து பாதி வரவில்லை, இரண்டாவது எழுத்தில் கீச்சென்று கீறியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையை நீட்டி, என் விரலுக்குள் இருந்த பேனாவை ஒரு நெல் அளவு இடதுபக்கம் திருப்பிவிட்டார். "இப்ப எழுதும்மா."

மை இறங்கியது. சத்தமே இல்லை. கோடு ஈரமாக, கொஞ்சம் தடித்து, திரும்புகிற இடத்தில் மெலிந்து ஓடியது. இரண்டு வரி சரியாக வரும், மூன்றாவது வரியில் என் பழைய பிடிக்குக் கை போய்விடும், உடனே கீறும், திரும்பத் திருப்பிக்கொள்ள வேண்டும். கால் பக்கம் எழுதும்வரை அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார், ஐந்நூறு கொடுத்தேன், மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது அந்த மூன்று ஓட்டை உடம்புகளையும் பெட்டிமேல் வைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். இரண்டுக்கு நாக்கு நன்றாக இருக்கிறது, எஃகு முள் போட்டால் எழுதும், ஒன்றுக்கு நாக்கே செதுக்க வேண்டும், அவசரம் இல்லையென்றால் வைத்துவிட்டுப் போ என்றார். ஒன்று அக்கா மகனுக்கு. பொங்கலுக்கு வருகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.